பழியும் பிணியும்: லறி கிறேமரின் நாடகமொன்றை முன்வைத்து

நோயைப் பொருளாகக் கொண்டெழுந்த இலக்கியத்தை மதிப்பிடப் புகுவோர், அது நோயாளியை யார் முன்னிலையில் நிறுத்துகின்றது என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். கடவுளின் முன்னோ நீதிபதியின் முன்னோ நிறுத்தும் எழுத்து வேறு. அவனோடு கூடி வாழ்ந்தும் அவனைக் கைவிட்டும் வருகின்ற சமுதாயத்தின் நடுவே நிறுத்தும் எழுத்து வேறு. எயிட்ஸ் நோய் அமெரிக்கப் பெருநகரங்களிலே தன்பாலீர்ப்புடைய ஆண்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த 1980களில், அவர்களிடையே தோன்றிய இலக்கியம் இவ்விரண்டுக்குமிடையே தடுமாறிற்று. அத்தடுமாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது லறி கிறேமரின் ‘தி நோர்மல் ஹார்ட்’ என்னும் நாடகம். தமிழில் அதனைச் ‘சாதாரண நெஞ்சம்’ எனலாம். இத்தகைய பொருளைத் தமிழ் இலக்கிய ஏட்டில் ஆராய வேண்டுமா என்று முகஞ்சுழிப்போர் உளர். பாலுறவினாற் பரவும் நோய்களைப் பற்றி நாம் பேசாதிருப்பதனால் அவை பரவாதிருக்கப் போவதில்லை. அவர்களுக்கு இதற்கு மேற் கூற வேண்டியதுமில்லை.

நிகழ்ச்சிகளின் வரிசையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1981ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரியவகை நுரையீரல் அழற்சி ஏற்பட்டதைத் தனது வாராந்த அறிக்கையிற் பதிவுசெய்தது. ஐவரும் தன்பாலீர்ப்புடையோர். ஒரு மாதம் கழியுமுன், அத்தகைய 41 பேரிடம் அரியவகைப் புற்றுநோயொன்று காணப்பட்டதாக ‘நியூயோர்க் ரைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. அவ்வாண்டு ஓகஸ்டிற் கிறேமரின் வீட்டில் நண்பர்கள் கூடினர். 1982 ஜனவரியில், நோயாளருக்கு உதவவும் தகவல் பரப்பவும் அறுவர் சேர்ந்து ஓர் அமைப்பை நிறுவினர். அடுத்த ஆண்டே கிறேமர் அதிலிருந்து வெளியேற நேர்ந்தது. நகரசபையோடும் பத்திரிகைகளோடும் அவர் போட்ட ஓயாத சண்டை சகபாடிகளுக்கு அச்சந் தந்தது. அந்தச் சண்டையும் அந்த வெளியேற்றமுமே நாடகத்தின் கதை. 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி நியூயோர்க்கின் ‘பப்ளிக் தியேட்டர்’ அரங்கில் அது மேடையேறியது.

அம்மேடையின் அமைப்பே ஒரு விமர்சனம். வெள்ளையடித்த பலகைச் சுவர்களிலே கறுப்பு எழுத்துக்களில் எண்களும் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. நாட்டில் நோயுற்றோர் தொகை அங்கே இருந்தது; தொகை கூடக்கூடப் பழைய எண்ணை வெட்டிப் புதியதை எழுதினார்கள். மற்றொரு சுவரில் பத்திரிகைக் கணக்கு. 1982இல் சிக்காகோ நகரில் யாரோ நஞ்சு கலந்த ‘டைலனோல்’ மாத்திரையை விழுங்கி ஏழு பேர் இறந்தபோது மூன்று மாதத்தில் 54 தடவை எழுதிய ‘நியூயோர்க் ரைம்ஸ்’, இந்நோயைப் பற்றி முதற் பத்தொன்பது மாதத்தில் ஏழு தடவை மட்டுமே எழுதியது. பிரெக்ட், பிஸ்காட்டர் முதலியோரின் அரங்க மரபை அறிந்தவர்களுக்கு இவ்வுத்தி புதியதன்று. ஆனால் அவர்களிடம் எண்கள் பார்வையாளனைச் சிந்திக்க வைக்கும் கருவி. இங்கு வெட்டப்பட்டுத் திருத்தப்பட்ட ஒவ்வோர் எண்ணும் அரங்கினுள் அமர்ந்திருந்தோரின் நண்பனாகவோ துணைவனாகவோ இருந்தது.

நாடகத்தின் தலைமைப் பாத்திரமாகிய நெட் வீக்ஸ் கிறேமரே. எமா புறூக்னர் என்னும் பெண் வைத்தியர், இளம்பிள்ளை வாதத்தினால் முடமாகி நாற்காலி வண்டியில் இயங்குபவர். வரும் நோயாளர்கள் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் கண்டு, பாலுறவினால் இது பரவுகின்றது என அவர் முடிவுகட்டுகின்றார். உன் தோழர்களிடம் சென்று பாலுறவை நிறுத்தச் சொல் என்று நெட்டிடம் கூறுகின்றார். நாடகம் முழுவதும் இவ்வொரு கட்டளையைச் சுற்றியே சுழல்கின்றது.

இப்சனின் ‘மக்கள் விரோதி’ நாடகத்தை நினையாமல் இதனைப் படிக்க இயலாது. அங்கே ஊரின் வருமானத்துக்கு ஆதாரமான குளியல் நிலையத்து நீரில் நோய்க்கிருமி உண்டெனக் கண்டறியும் வைத்தியரை ஊரே கல்லெறிகின்றது. எதிர்ப்பின் தலைவன் அவருடைய சொந்தச் சகோதரனாகிய நகரபிதா. இங்கேயும் உண்மையை உரைப்பவன் ஒருவன், கேட்க மறுக்கும் ஊரொன்று, தன்னைச் சமமாக ஏற்கத் தயங்கும் அண்ணன் ஒருவன். நீராடுநிலையங்கள் கூட இங்கும் உள்ளன. 1970களிற் பெருநகரங்களில் ஆண்களின் பாலுறவுச் சந்திப்புக்கென்றே நடத்தப்பட்டவை அவை. இப்சனின் வைத்தியர் இறுதியில், தனித்து நிற்பவனே வலியவன் என்ற முடிவுக்கு வருகின்றார். கிறேமரின் நாடகமும் அவ்விடத்துக்கே வந்து சேருகின்றது. அதன் வலிமையும் குறைபாடும் இதிலேயே அடங்கியுள்ளன.

வலிமையை முதலிற் சொல்வோம். அமைப்பின் தலைவனான புறூஸ் என்னும் வங்கி அதிகாரி, இறந்துபோன தன் காதலன் அல்பேட்டைப் பற்றிச் சொல்லும் காட்சிக்கு ஈடான காட்சிகள் அக்கால நாடகங்களில் அரியன. சாகுமுன் தாயைப் பார்க்க விரும்பிய நோயாளியை அவன் விமானத்தில் ஏற்றிச் செல்கின்றான். வழியிலேயே நோயாளியின் அறிவு தடுமாறுகின்றது, தன்னைத்தானே அசுத்தப்படுத்திக்கொள்கின்றான். வைத்தியசாலையில் இறந்தபின் மரணச் சான்றிதழில் நோயின் காரணத்தை எழுத வைத்தியர்கள் மறுக்கின்றனர். ஊழியனொருவன் உடலைக் குப்பைப் பையிற் கட்டிப் பின்புற ஒழுங்கையில் வைத்துவிட்டு, இவ்வுதவிக்கு ஐம்பது டொலர் கேட்கின்றான். கடைசியில் ஒரு கறுப்பினத்து அடக்கப் பணியாளர், கேள்வி ஏதுங் கேளாமல், ஆயிரம் டொலர் பெற்றுக்கொண்டு உடலை எரிக்கின்றார். செல்வம் மலிந்த நாட்டில் மனித உடலின் விலை எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட முடியாது. அலங்காரம் எதுவுமில்லை. ஒருவன் நின்றுகொண்டு கணக்குச் சொல்லுகின்றான், அவ்வளவே.

குறைபாட்டுக்கு வருவோம். எமாவின் கட்டளையை நெட் தன் கொள்கையாக ஏற்றுக்கொள்கின்றான். பலரோடு கூடியமையே நோய்க்குக் காரணம், கூடுவதை நிறுத்துவதே மருந்து என்பது அவன் வாதம். கிறேமர் இதனை நோய் வந்தபின் கண்டுபிடிக்கவில்லை. 1978இல் அவர் எழுதிய நாவல் நியூயோர்க்கின் தன்பாலீர்ப்பு வாழ்க்கையை, காதலற்ற சேர்க்கையின் களியாட்டமெனக் கடுமையாக நையாண்டி செய்தது; அந்நகரில் அவர்களுக்கென இருந்த புத்தகசாலையே அதனை விற்க மறுத்தது. ஆகவே 1981இல் நோய் வந்தபோது அது கிறேமரின் பழைய குற்றச்சாட்டுக்குக் கிடைத்த சான்றாகத் தோன்றியது வியப்பன்று. எதிர்வாதம் நாடகத்தில் இல்லாமலில்லை. நகர சுகாதாரத் திணைக்களத்தில் வேலைபார்க்கும் மிக்கி என்பவன், மறைவின்றியும் குற்றவுணர்வின்றியும் அன்புசெய்யும் உரிமைக்காகவே நாம் இத்தனை ஆண்டுகள் போராடினோம். இன்று அவ்வன்பே கொலை என்கிறாயா என்று கதறுகின்றான். அக்கேள்வி நியாயமானது, விடை கூறப்பட வேண்டியது. ஆசிரியரோ அவனைக் கதறவிட்டு, நிலைகுலையச் செய்து, ஒருவர் கைத்தாங்கலாக மேடையிலிருந்து அழைத்துச் செல்லும்படி செய்கின்றார். வாதம் தோற்கவில்லை, வாதி நோயாளியாக்கப்பட்டு அகற்றப்பட்டான். பிரசார நாடகத்தை நாம் வெறுப்பவர்களல்லர். ஆனால் எதிர்க்கட்சியின் வாயை இவ்வாறு அடைத்தல் பிரசாரத்துக்கும் நன்மை தருவதன்று.

மிக்கியின் கேள்விக்குச் சமுதாயப் பின்னணி உண்டு. அமெரிக்காவில் ஆணும் ஆணும் தனியறையிற் கூடுவது பல மாநிலங்களில் நீண்டகாலம் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. நியூயோர்க்கில் அச்சட்டம் 1980இற்றான் வீழ்ந்தது. நாடு முழுவதற்குமான தீர்ப்பு 2003இலேயே வந்தது. நோய் உச்சத்திலிருந்த 1986இல் உயர் நீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லும் என்றே கூறியிருந்தது. வேலை போகும், வீடு போகும் என அஞ்சியவன் பெயர் சொல்லாமற் சந்திக்கும் இடங்களை நாடுவான். 1969இல் ஸ்டோன்வோல் கலகத்தின் பின் சற்றுக் காற்று வீசத் தொடங்கியதும், அந்தத் தாகத்தை முதலீட்டாளர் கண்டுகொண்டனர். நீராடுநிலையங்கள் விடுதலையின் சின்னங்களாகவும் இலாபந் தரும் தொழிலாகவும் ஏககாலத்தில் வளர்ந்தன. வெட்டை, கிரந்தி முதலிய நோய்கள் பெருகின. வைத்தியர்கள் பெனிசிலின் ஏற்றி அனுப்பினர். மஞ்சட்காமாலை பீ வகைக்கான தடுப்பூசி 1978 தொடக்கம் நியூயோர்க்கில் சோதிக்கப்பட்டபோது, தம் உடலைச் சோதனைக்கு அளிக்க முன்வந்தவர்கள் தன்பாலீர்ப்புடைய ஆண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்பதையும் இங்குக் குறித்தல் தகும். அம்மக்களைப் பற்றிய வசைகளிடையே இச்செய்தி எங்கும் தென்படுவதில்லை.

இனி, நான் இலக்கியமெனக் கொள்ள விரும்பும் ஒரு சிறு நூலைப் பற்றிப் பேசுவேன். நாடகம் மேடையேறுவதற்கு இரண்டாண்டு முன்னர், 1983 மே மாதத்தில், ஏறத்தாழ நாற்பது பக்கத்திற் கைநூலொன்று நியூயோர்க்கில் வெளியாயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் எவ்வாறு பாலுறவு கொள்வது என்பதே அதன் தலைப்பின் பொருள். எழுதியோர் இருவர்: மைக்கல் கலன் என்னும் பாடகர், றிச்சட் பேர்க்கோவிற்ஸ் என்னும் பாலியற்றொழிலாளி. இருவரும் நோயாளிகள். அவர்களுக்கு வழிகாட்டியவர் அவர்களுடைய வைத்தியரான, தென்னாபிரிக்காவிற் பிறந்த ஜோசப் சொனபென்ட்.

இந்நூலின் வரலாறு ஒரு சிந்தனை மாற்றத்தின் வரலாறு. ஆறு மாதத்துக்கு முன், 1982 நவம்பரில், இதே இருவரும் ஒரு பத்திரிகையிலே, வரைமுறையற்ற சேர்க்கையின்மீது போர்தொடுப்பதாக அறிவித்துக் கட்டுரை எழுதியிருந்தனர். அது கிறேமரின் குரலே. அதற்கெதிராக எழுந்த கோபத்தைக் கண்டு அவர்கள் வாயடைத்துப் போகவுமில்லை, வீம்புக்கு நிற்கவுமில்லை. தம் மக்களுக்குச் செய்யக்கூடியது யாது என்று யோசித்தனர். பாலுறவை நிறுத்து என்பது அறிவுரையன்று. யாரும் கைக்கொள்ள முடியாத கட்டளை. எத்தனை பேரோடு என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, என்ன செய்தபோது எது எவ்வழியாக உடலுட் புகுகின்றது என்று கேட்டனர். ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடுத்து, அதிலுள்ள ஆபத்தை நிறுத்துப் பார்த்து, எதனை விடலாம், எதனை மாற்றலாம், எதற்கு ஆணுறை வேண்டும் என்று எழுதினர். கருத்தடைச் சாதனமென்றே கருதப்பட்டு வந்த ஆணுறையை, கருவுறுதலுக்கு இடமேயில்லாத உறவில் உயிர்காக்கும் சாதனமாக்கியமையில் இக்கைநூலின் பங்கு பெரிது. இறுதியில் அன்பைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. கூடுபவனின் நலத்தையும் தன் நலம்போல எண்ணுவதே இவ்வளவுக்கும் அடிப்படை என்பது அதன் சாரம்.

ஈண்டு ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. அவர்களுடைய கொள்கை பிழையானது. ஒரு தனிக்கிருமி அன்றி, பலதடவை ஏற்பட்ட பல தொற்றுக்கள் சேர்ந்து உடலின் எதிர்ப்பாற்றலை அழிக்கின்றன என்று வைத்தியரும் அவர்களும் நம்பினர். பாரிசின் பாஸ்டர் ஆய்வுகூடத்தார் புதிய வைரசைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது அதே 1983 மே மாதத்திற்றான். கலன் பின்னரும் நெடுங்காலம் அவ்வைரசுக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். அத்தயக்கம் தவறானது, அதனைப் புகழ வேண்டியதில்லை. ஆயினும் கைநூல் சொன்ன நடைமுறை சரியாயிருந்தது, ஏனெனில் அது நோய் பரவும் வழியை மறித்தது. சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயோர்க்கிலும் ஆண்களிடையே வெட்டை நோய் அவ்வாண்டுகளிற் கூர்மையாகக் குறைந்தது. அரசாங்கம் எதுவும் சொல்வதற்கு முன்னரே, ஒருவருக்கொருவர் சொல்லி, ஒரு மக்கட் கூட்டம் தன் அந்தரங்க வாழ்க்கையின் பழக்கங்களை மாற்றிக்கொண்டது. பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு ஒப்பானவை சிலவே. டக்ளஸ் கிறிம்ப் என்னும் விமர்சகர் 1987இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார்: பலவகை உறவுகளில் அவர்கள் பெற்ற அனுபவமே, ஒன்றைவிட்டு இன்னொன்றை நாடும் ஆற்றலை அவர்களுக்குத் தந்தது என்றார். பழிக்கப்பட்ட வாழ்க்கையே பாதுகாப்பையும் கற்பித்தது என்னும் இவ்வாதம் மிக்கிக்கு நாடகத்திற் கிடைக்காத விடையாகும்.

கிறேமரின் நாடகம் நோயாளியை நீதிபதியின்முன் அரைகுறையாக நிறுத்திற்று என்றால், முழுமையாக நிறுத்தியவர் றன்டி ஷில்ற்ஸ். 1987இல் வெளிவந்த அவருடைய பெருநூல், அரசாங்கத்தின் அசட்டையை ஆவணங்களோடு அம்பலப்படுத்திய அரிய உழைப்பு. ஆனால் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கனடிய விமானப் பணியாளரான கேற்றான் டுகா என்பவர் அவ்விடத்தில் வைக்கப்பட்டார். அழகிய, பொறுப்பற்ற, தெரிந்தே நோயைப் பரப்பிய ‘பூச்சிய நோயாளி’ என்ற உருவம் அவ்வாறு பிறந்தது. மஞ்சட் பத்திரிகைகள் நோயை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தவனே அவன் என்று முதற்பக்கத்தில் எழுதின. உண்மை வேறு. ஆய்வாளர்கள் தம் வரைபடத்திலே, கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் குறிக்க ‘ஓ’ என்னும் எழுத்தை இட்டனர். அது பூச்சியமென வாசிக்கப்பட்டது. 2016இல் மைக்கல் வொறோபி முதலிய விஞ்ஞானிகள் பழைய இரத்த மாதிரிகளிலுள்ள வைரசை ஆராய்ந்து, அது கரீபியன் பகுதியிலிருந்து 1970ஐ ஒட்டிய காலத்திலேயே நியூயோர்க்கை வந்தடைந்துவிட்டது என்றும், டுகாவின் வைரசு அவ்வமெரிக்கக் கிளையின் தொடக்கத்தில் இல்லை என்றும் காட்டினர். இதில் நெஞ்சைச் சுடும் செய்தி மற்றொன்று. வரைபடத்தில் அவர் நடுவே நின்றதற்குக் காரணம், தன்னோடு உறவுகொண்டோரில் 72 பேரின் பெயரை ஆய்வாளரிடம் அவர் மனமுவந்து கொடுத்தமையே. பலர் பெயர் சொல்ல மறுத்தனர். சிலருக்குப் பெயரே தெரியாது. ஒத்துழைத்தவன் குற்றவாளியானான். 1984இல் இறந்துபோன அவனால் மறுத்துரைக்கவும் இயலவில்லை.

தனிமனிதனொருவனை வில்லனாக்குவது இலக்கிய உத்தியளவில் நின்றுவிடுவதில்லை. ஷில்ற்ஸின் நூல் வெளிவந்த அதே 1987 ஒக்டோபரில், செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ் சட்டத்திருத்தமொன்றைக் கொண்டுவந்தார். தன்பாலுறவை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எந்த எயிட்ஸ் கல்விக்கும் கூட்டாட்சி அரசின் பணம் செல்லக்கூடாது என்பது அதன் உட்பொருள். பாதுகாப்பான உறவைக் கற்பிக்க கிறேமரின் பழைய அமைப்பு வெளியிட்ட சித்திரக் கதையொன்றை அவர் கையிலேந்தி வந்து காட்டினார். 94 பேர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். ஜனாதிபதி றேகன் இந்நோயைப் பற்றித் தமது முதலாவது விரிவான உரையை ஆற்றியது அவ்வாண்டு மே மாத இறுதியில். அதற்குள் 20,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் இறந்துவிட்டனர். ஆபத்தான நடத்தை என்ற சொற்றொடரை நோயாளியின்மீது மட்டுமே ஏவுகின்றோம். அந்த 94 பேரின் நடத்தையை எப்பெயரால் அழைப்பது?

ரோனி குஷ்னரின் ‘அமெரிக்காவில் வானவர்கள்’ நாடகம் இவ்விடத்தில் கிறேமரை மிஞ்சுகின்றது. அதிலே றோய் கோன் என்னும் வலதுசாரி வழக்கறிஞர், வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னதும் சீறுகின்றார்: அந்நோய் அதிகாரமற்றவர்களுக்கு வருவது, வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசி எடுக்கக்கூடிய தமக்கு வந்திருப்பது ஈரற் புற்றுநோயே என்பது அவர் நிலை. நோயின் பெயர்கூட வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஒரே காட்சியிற் காட்டிவிட்டார் குஷ்னர். பழியைப் பங்கிடும் வேலையில் அவருக்கு ஆர்வமில்லை. அதிகாரம் எப்படி இயங்குகின்றது என்பதிற்றான் ஆர்வம்.

முற்போக்காளர் எனப்படுவோரும் இவ்விடயத்திற் கைசுத்தமானவர்களல்லர். 1922ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் ஆண்களிடையேயான உறவைக் குற்றமெனக் கொள்ளாது விட்ட சோவியத் ருசியா, 1934இல் அதனை மீண்டும் குற்றமாக்கிற்று. கார்க்கி போன்ற மாபெரும் எழுத்தாளர் அவ்வாண்டில் அதனைப் பாசிசத்தோடு முடிச்சுப்போட்டு எழுதினார். முதலாளித்துவ நசிவு என்ற ஒற்றைச் சொல்லால் இம்மக்களின் துன்பம் முழுவதையும் மூடிவிடும் வழக்கம் அங்கிருந்தே நம்மவர் பலருக்கும் வந்தது. கியூபா 1986 முதல் சில ஆண்டுகள் தொற்றுடையோரைக் கட்டாயமாகச் சுகாதார நிலையங்களில் அடைத்துவைத்தது. உணவும் சம்பளமும் மருத்துவமும் குறைவின்றி அளித்தது. றேகனின் அமெரிக்கா இவற்றில் எதையும் அளிக்கவில்லை. ஆயினும் பூட்டிய கதவு பூட்டிய கதவே.

இலங்கையர்க்கும் இதிற் பங்குண்டு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் அதனோடு சேர்ந்த 365அ பிரிவும் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. இங்கிலாந்து 1967இற் கைவிடத் தொடங்கிய சட்டத்தை, சுதேச ஒழுக்கத்தின் அரண் எனப் பாதுகாப்போர் நம்மிடையே உளர். 1995இல் அதனைத் திருத்தியபோது நீக்கவில்லை. பெண்களையும் உள்ளடக்கும்படி விரித்தனர்! நீக்குவதற்கான தனியார் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறியது. கூறியதனால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. சட்டம் குற்றவாளி என்று சொல்லும் ஒருவன் வைத்தியரிடம் தன் நோயின் வழியை எவ்வாறு சொல்வான்?

நோய் இன்று யாரைத் தேடிச் செல்கின்றது என்பதைப் பார்த்தால், கிறேமரின் ஒழுக்கக் கணக்கு எவ்வளவு போதாது என்பது புலப்படும். 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் எச்.ஐ.வி. தொற்று மரண தண்டனையாக இருக்கவில்லை. மருந்தினால் வைரசு அளவிட முடியாத மட்டத்துக்குத் தாழ்ந்தவரிடமிருந்து பாலுறவினால் தொற்று ஏற்படுவதில்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. தொற்றாதவர் முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதியளித்தது. இத்தனைக்கும் பின்னர், 2016இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: அன்றைய வீதம் நீடிக்குமாயின், ஆண்களோடு உறவுகொள்ளும் வெள்ளையின ஆண்களிற் பதினொருவரில் ஒருவருக்கும், கறுப்பின ஆண்களில் இருவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இத்தொற்று ஏற்படும். இருவரில் ஒருவர்! கறுப்பினத்தவர் அதிக ஆபத்தான முறையில் நடந்துகொள்கின்றனர் போலும் என்று எண்ணத் தோன்றும். கிறகரி மில்லெற் முதலிய ஆய்வாளர்கள் 2006இலும் 2012இலும் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது கண்டது இதற்கு மாறு. கறுப்பின ஆண்களின் பாலியல் நடத்தை வெள்ளையினத்தவரின் நடத்தையைவிட ஆபத்தானதன்று. சிலவற்றில் அவர்களே கூடுதலாக எச்சரிக்கையாயிருந்தனர். வேறுபட்டவை காப்புறுதி, வருமானம், வேலை, சிறை, மருந்து கிடைக்கும் வாய்ப்பு என்பன. மருந்து கிடைக்காத ஒரு சிறு வட்டத்துள் ஒருவன் ஒரேயொரு துணைவனைத் தேடினாலும், மருந்து நிறைந்த வட்டத்துள் பலரைத் தேடுபவனைவிட அவனுக்கு ஆபத்து அதிகம். எண்ணிக்கையை எண்ணிய நெட் வீக்ஸ் இந்தக் கணக்கை எண்ணவில்லை. அவனுடைய மேடையில் எழுத்தாளனும் வங்கி அதிகாரியும் பத்திரிகையாளனும் உளர். உழைத்துண்ணும் கறுப்பினத்தவர் ஒருவர், பிணத்தை எரிப்பவராக, பிறர் பேச்சில் மட்டுமே வந்துபோகின்றார்.

கிறேமர் தாம் எழுதிய பாத்திரத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டவரல்லர். 1987 மார்ச்சில் அவராற்றிய உரையொன்றிலிருந்து ‘அக்ற் அப்’ என்னும் வெகுசன இயக்கம் பிறந்தது. மருந்து நிறுவனங்களின் வாயிலிலும் அரசாங்கக் காரியாலயங்களின் முன்னும் ஆயிரக்கணக்கானோர் வீதியிற் படுத்து மறியல் செய்தனர். மருந்துகள் சோதிக்கப்படும் முறையையே அவ்வியக்கம் மாற்றிற்று. தனித்து நிற்பவனே வலியவன் என்ற தம் நாடகத்தின் முடிவை ஆசிரியரே இரண்டாண்டில் வீதியில் வைத்து மறுத்துரைத்தார் எனலாம். எனினும் பழைய குரல் அவரை முற்றாக விட்டுநீங்கவில்லை. 2014இல், ஆணுறைக்குப் பதிலாகத் தடுப்பு மாத்திரையை நாடுவது கோழைத்தனம் என்ற பொருள்பட அவர் பேசியபோது இளைஞர் பலர் மனம் புண்பட்டனர். பின்னர் அந்நிலையிலிருந்து அவர் இறங்கிவந்தார். அம்மாத்திரையின் காலத்தில் ஆணுறைப் பழக்கம் தளர்ந்ததும், கிரந்தியும் வெட்டையும் மீண்டும் பெருகியதும் மறைக்கத்தக்கவையல்ல. அதற்கு விடை வசையிலே கிடைக்கவில்லை. அடிக்கடி இலவசப் பரிசோதனை, உடன் சிகிச்சை, உறவின் பின் உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் மருந்து என்ற வழிகளிலேயே கிடைத்துவருகின்றது. 2022இல் குரங்கம்மை பரவியபோது அமெரிக்காவில் நடத்தப்பட்ட கணிப்பொன்றில், தன்பாலீர்ப்புடைய ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே துணைவர் தொகையைக் குறைத்துக்கொண்டதாகக் கூறினர். கலனும் பேர்க்கோவிற்ஸும் தொடக்கிய மரபு அது.

2011இல் ‘சாதாரண நெஞ்சம்’ பிறோட்வே அரங்கில் மீண்டும் மேடையேறியபோது, எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்த கிறேமர், நாடகம் முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில் வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் விநியோகித்தார். இதில் வரும் யாவும் உண்மையில் நடந்தவை என்றும், நோய் இன்னும் ஒழியவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.